அப்பாவுக்குக் கால் இருக்கிறது

அன்றைக்கு வியாழக்கிழமை, தை மாதம் ஐந்தாம் தேதி. காலையில் எழுந்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைக் கூட்டப் போனேன். பாதியில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைக்கத் துணியை எடுத்தேன், எடுத்த துணியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனது. வாசலில் விட்ட இடத்துக்குத் திரும்பிவந்தால், கூட்டின இடம் எது, கூட்டாத இடம் எது என்று தெரியவில்லை. பாலைவனத்தில் வாசலைக் கூட்டுவதே ஒரு கிறுக்குத்தனம். ஆனாலும் கை கேட்பதில்லை.

நாங்கள் இருந்தது ஓமானில், மஸ்கட்டிலிருந்து நாலு மணி நேரம் உள்ளே. ஒரு பக்கம் கல்லும் சரளையுமாகப் பொட்டல், இன்னொரு பக்கம் மணல் மேடு, தூரத்தில் மங்கலாக ஒரு மலை. நடுவில் பத்துப் பதினைந்து கடைகள், ஒரு பள்ளிக்கூடம், அதற்கும் ஓரத்தில் கம்பெனி கொடுத்த எங்கள் இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் செபஸ்தியான் மலையடிவாரத்தில் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஸ்டேஷனில் மெக்கானிக். ஞாயிறு காலை போனால் வியாழன் சாயந்திரம்தான் வருவார். அந்த ஐந்து நாளும் நானும் பிள்ளைகளும்தான். வெனிலாவுக்கு ஏழு வயது. சகாய பிரவீனுக்கு நாலு முடியப்போகிறது.

என் கால் தரையில் நிற்காததற்குக் காரணம் ஒரு ஃபாரம். கம்பெனி வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறவர்கள், அடுத்த வருடமும் குடும்பம் இங்கேயே தங்குகிறதா, ஊருக்குத் திரும்புகிறதா என்று இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எனக்குத் தங்க வேண்டும். அவருக்கு எங்களைத் திண்டிவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் இதே சண்டைதான்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் பிரவீனுக்குக் காய்ச்சல் ஏறி மத்தியானத்தில் வலிப்பு வந்துவிட்டது. இவர் ஸ்டேஷனில். ஆஸ்பத்திரி எண்பது கிலோமீட்டர். தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றையிலிருந்து இந்த மனுஷன் பயந்துபோய்விட்டார்.

"ஊர்லன்னா தெருவுக்குப் பத்துப் பேரு இருப்பாங்க. கூப்ட்டா ஆட்டோ வருது. இங்க இன்னா இருக்குது ராணி?" என்று கேட்டார் போன வெள்ளிக்கிழமை.

"இங்க நீங்க இருக்கீங்க."

"அஞ்சு நாளு நானும் இல்லியே."

"ரெண்டு நாளு இருக்கீங்க இல்ல? அங்க ரெண்டு வருசத்துக்கு நாப்பது நாளுதான வந்தீங்க? எது பெருசு?"

அவர் எழுந்துபோய் ஏசியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சண்டையில் தோற்றால் அவருக்கு அதுதான் வேலை. ஜனவரி மாதக் குளிரில் யாராவது ஏசி துடைப்பார்களா?

நாங்கள் இங்கே வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பிரவீன் அவரை நேரில் பார்த்ததே கிடையாது. அவன் வயிற்றில் இருக்கும்போது போனார், அடுத்த லீவுக்கு வர வேண்டிய வருடம் கொரோனா வந்து விமானமெல்லாம் நின்றுபோனது. பிள்ளைக்கு அப்பா என்றால் போனுக்குள் தெரிகிற ஒரு முகம். போனுக்குச் சோறு ஊட்டுவான், போனைத் துணி போர்த்தித் தூங்கவைப்பான். மஸ்கட் ஏர்போர்ட்டில் இவர் எதிரே வந்து நின்றபோது பையன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மெதுவாக எட்டிப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தான். "ம்மா! இந்த அப்பாவுக்குக் காலு இருக்குது!" என்று கத்தினான்.

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன்" என்று போனவர் கால் மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வண்டிச் சத்தம் கேட்டால் பிரவீன் ஓடிப்போய் முதலில் பிடிப்பது அவர் காலைத்தான். இதையெல்லாம் பார்த்த பிறகு என்னைத் திண்டிவனம் போ என்றால் நான் எப்படிப் போவேன்?

அன்று காலை ஏழு மணிக்கு அவர் போன் செய்தார். "ஃபாரத்த எடுத்தாறேன்" என்றார்.

"எதுல டிக் போட்டீங்க?"

"வந்து பேசிக்கலாம்."

"போட்டாச்சா இல்லியா, அத சொல்லுங்க மொதல்ல."

"சண்ட போடாத ராணி. வந்து பேசிக்கலாம்."

எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? போனைக் கட் செய்தேன். மறுபடியும் அடிப்பார், சமாதானம் பேசுவார், நான் அழுதுவிடுவேன் என்று சைலண்டில் போட்டேன். போட்டதை அப்புறம் எடுக்கவில்லை. அது நான் செய்த முதல் தப்பு.

ஒன்பது மணிக்கு என் தங்கை அஸ்வினி வீடியோ அனுப்பியிருந்தாள், பெண்ணையாற்றங்கரைப் பிடாகத்திலிருந்து. தை அஞ்சு எங்கள் பக்கத்தில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் பல்லக்கிலும் டிராக்டரிலும் ஏறிப் பெண்ணையாற்றுக்குக் குளிக்க வரும். தண்ணீர் இருந்தால் தண்ணீரில் குளிக்கும், இல்லையென்றால் மணலில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில் குளிக்கும். நாங்கள் மாதா கோயில்காரர்கள், எங்கள் சாமிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாங்களும் போவோம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே மணலில் உட்கார்ந்து தின்பது. வீடியோவில் ராட்டினம் சுற்றியது, பலூன் பறந்தது, சாக்கை விரித்துச் சுருளிக்கிழங்கைக் குவித்து வைத்து ஒரு அம்மா கூவிக்கொண்டிருந்தாள். "யக்கா, இந்தா பாரு, உனக்கும் சேத்து நானே துன்றேன்" என்று அஸ்வினி ஒரு கிழங்கைக் கடித்துக் காட்டினாள். கொழுப்பு!

பிள்ளைகள் இரண்டும் என் தோளில் ஏறி அந்த வீடியோவை ஆறு தடவை பார்த்தார்கள்.

"நம்பளும் ஆத்துக்குப் போலாம்மா" என்றான் பிரவீன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வாதி. வறண்ட ஆற்றுக்கு அரபியில் அப்படித்தான் பெயர். நல்ல அகலம், நல்ல மணல், கரையில் மரம். கரையேறினால் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். நாமே ஓர் ஆற்றுத் திருவிழா நடத்தினால் என்ன? பிள்ளைகள் மணலில் விளையாடுகிற போட்டோவை அந்த மனுஷனுக்கு அனுப்புவோம். இங்கே என்ன இருக்கிறது, என்ன இருக்கிறது என்று கேட்கிறாரே, ஆறே இருக்கிறது என்று காட்டுவோம். போட்ட டிக்கை அவர் கையாலேயே அழிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். உடனே புளியை ஊறவைத்தேன்.

"ம்மா, மிஸ் வேணான்னு சொன்னாங்க" என்றாள் வெனிலா. "மலையில மழ பேஞ்சா வாதிக்குள்ள எறங்கக் கூடாதாம். அதுக்குத்தான் இன்னிக்கி ஸ்கூலே லீவு."

உண்மைதான். முந்தின நாள் மலைப்பக்கம் மழை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நான் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை, நீலமாகக் கிடந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் மாவட்டத்தில் கலெக்டர் மழை லீவு விட்ட அன்றைக்குத்தான் வெயில் மண்டையைப் பிளக்கும். பிள்ளைகள் மட்டையை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் விளையாடப் போய்விடும். மழை லீவைப் பார்த்து யாராவது பயந்து பார்த்திருக்கிறோமா?

"உங்க மிஸ்ஸுக்கு ஆத்தப் பத்தி இன்னாடி தெரியும்? நான் ஆத்தங்கரையில பொறந்தவ" என்றேன். "ஷூவ ஒதறிப் போடு. தேள் இருக்குதா பாரு. ஜல்தி!"

புளிச்சோறு, அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சுருளிக்கிழங்குக்குப் பதிலாக மலையாளத்தார் கடையில் வாங்கிவைத்த சர்க்கரைவள்ளி. பழைய பெட்ஷீட் ஒன்று. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வெனிலா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். கரையில் வன்னிமரம் நின்றது. இங்கே அதற்கு வேறு பெயர், ஆனால் வன்னிதான், இலையைக் கிள்ளிப் பார்த்திருக்கிறேன். எப்போதும் அதன் நிழலில் ஆற்றுக்குள் படுத்திருக்கும் ஆடுகள் அன்றைக்கு அங்கே இல்லை, எல்லாம் கரைமேல் ஏறி நின்றன. பிரவீன் போட்ட கூச்சலில் மிரண்டுவிட்டன என்று நினைத்தேன். மரம் தெரிந்த மரம், மணல் தெரிந்த மணல், எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துக் கரை ஓரம் நிழல் இருந்ததால் ஆற்றைத் தாண்டி அங்கே போய் பெட்ஷீட்டை விரித்தோம்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். வெனிலாகூடப் பத்து நிமிடத்தில் முகத்தை இறக்கிவிட்டாள். டப்பா மூடியால் ஊற்றுத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாக வந்தது. பிரவீன் அதை எடுத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டான். சாமி குளிக்க வேண்டுமே என்று அவனுடைய பிளாஸ்டிக் ஒட்டகத்தை அதில் இறக்கினோம். நான் நாலு போட்டோ எடுத்தேன். "பாருங்க, இங்கயும் ஆறு இருக்குது. ஊருக்கு இன்னாத்துக்குப் போவணும்?" என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தது. போனைப் பையில் போட்டுவிட்டுச் சோற்று டப்பாவைத் திறந்தேன். எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான் என் கால் ஓர் இடத்தில் நின்றது.

பாதிச் சோறு தின்றிருப்போம்.

"ம்மா, தண்ணி!" என்றான் பிரவீன்.

ஆற்றின் நடுவில், மேட்டுப் பக்கத்திலிருந்து, ஒரு சாண் அகலத்துக்கு மண் கலரில் தண்ணீர் ஊர்ந்து வந்தது. முன்னால் நுரை, நுரையில் ஆட்டுப்புழுக்கையும் சுள்ளியும். மணல் அதைக் குடிக்கக் குடிக்க நின்று நின்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் ஏரி திறந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் இப்படித்தான் வரும். அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடுவோம். பெரியவர்கள் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பார்கள், முதல் தண்ணீர் காலில் பட வேண்டும் என்று. பட்டதும் குனிந்து அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். பெண்ணையில் தண்ணீர் வந்தாலும் அப்படித்தான். சாத்தனூர் அணையில் திறந்தாச்சு என்று டிவியில் சொல்லி, இரண்டு நாள் ஊரெல்லாம் பேசி, அதற்குப் பிறகு ஆடி அசைந்து வரும். தண்ணீர் வந்தால் விலகிப் போவதா? எதிரே போய் நிற்கத்தான் எனக்குத் தெரியும்.

"வாங்க, வாங்க! செருப்ப கழட்டுங்க!" என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஆற்றின் நடுவுக்கு ஓடினேன். ஆளுக்கொரு கையைப் பிடித்து வரிசையாக நிறுத்தினேன். "அசையாம நில்லுங்க. மொதத் தண்ணி காலுல படணும். நல்லது."

நானேதான் நிறுத்தினேன். என் இரண்டு பிள்ளைகளையும் நானே கொண்டுபோய் அந்தத் தண்ணீருக்கு எதிரே நிறுத்தினேன்.

தண்ணீர் காலில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. பிரவீன் கெக்கெக்கே என்று சிரித்தான். நான் குனிந்து அள்ளி அவன் தலையில் தெளித்தேன், வெனிலா தலையில் தெளித்தேன். மூன்றாவது தடவை குனிந்தபோது தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"ம்மா, இன்னா சத்தம்?" என்றாள் வெனிலா.

"லாரிடி. ரோட்டுல போவுது."

"ரோடு இந்தப் பக்கம்மா. சத்தம் அந்தப் பக்கம் வருது."

நிமிர்ந்து பார்த்தேன். ஆற்றின் வளைவில் முள்மரம் ஒன்று வேரோடு நின்றவாக்கில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆறு முழுக்கப் பழுப்பாக இருந்தது.

"ஓடும்மா!" என்று கத்திக்கொண்டு வெனிலாதான் என்னை இழுத்தாள், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கரையைப் பார்த்து. பிரவீனைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, காலுக்கடியில் மணல் கழன்று ஓடியது. ஒரு தடவை விழுந்தேன். எழுந்தபோது என் கையில் வெனிலாவின் கை இல்லை. மாதாவே! திரும்பினேன், அவள் இடுப்புவரை தண்ணீரில் சாய்ந்துகொண்டிருந்தாள், கையில் அகப்பட்டது அவள் சடைதான். சடையைப் பிடித்தே இழுத்தேன். கரையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு வேரை அவள் பிடித்தாள், முதலில் பிரவீனை அவள் முதுகில் ஏற்றித் தள்ளினேன், பிறகு நான் ஏறினேன். கரைமேல் விழுந்து திரும்பிப் பார்த்தால் பெட்ஷீட் இல்லை, சோற்று டப்பா இல்லை, பை இல்லை, ஊற்று இல்லை. அந்த இடத்தில் முள்மரம் சுற்றிக்கொண்டு போனது.

இரண்டு பேரையும் மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை மறந்துபோகிறது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி மறந்தது. வெனிலா நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னன் இல்ல?" என்றாள்.

"ஆமாண்டி. நீ சொன்ன. நீ சொன்னதுதான் சரி, நான் செஞ்சதுதான் தப்பு. என்ன அடி."

அவள் அடிக்கவில்லை, அழுதாள். அவள் மண்டையில் சடை பிடித்த இடத்தில் தோல் சிவந்து வீங்கியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே நான் நினைத்தது ஒன்றுதான். இனிமேல் அந்த மனுஷன் டிக் போடவே வேண்டாம், நானே போட்டு முடித்துவிட்டேன். நாங்கள் இருந்தது ஒரு கரை, வீடு இருந்தது இன்னொரு கரை. நடுவில் பெண்ணையாற்றில்கூட நான் பார்க்காத தண்ணீர். எங்கள் பக்கம் ஒரு வீடு கிடையாது, சாலை கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது.

ஒரு மணி நேரம் இருக்கும். எதிர்க்கரையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கம்பெனி பிக்கப் வந்து நின்றது. கதவைக்கூட மூடாமல் இறங்கி ஓடிவந்தார். சாயந்திரம் வர வேண்டியவர். போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று புரிந்தது. ஸ்டேஷன் மலையடிவாரம் அல்லவா, அந்தத் தண்ணீர் அவர் கண்ணெதிரே தாண்டித்தான் எங்களிடம் வந்திருக்கிறது.

எங்களைப் பார்த்ததும் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். வாயைத் திறந்து ஏதோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. நான் பிரவீனைத் தூக்கிக் காட்டினேன், வெனிலாவை நிறுத்திக் காட்டினேன். இரண்டும் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது என்று இரண்டு விரலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அந்தத் தூரத்தில் ஆள் விரலளவுதான் தெரிந்தார், வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

பிரவீன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தான். அவன் உதடு பிதுங்கியது.

"அப்பா திரும்பியும் போனுக்குள்ள பூட்டாரும்மா" என்றான்.

"இல்லடா கண்ணு. அந்தாண்ட நிக்கிறாருடா. இதோ வந்துருவாரு."

"இல்ல, பூட்டாரு. சின்னதா பூட்டாரு. பேச வர்ல."

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. தண்ணீரில் இறங்கும்போது அழாத பிள்ளை, அப்போது நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதான். கையை நீட்டி, காற்றில் விரலால் தேய்த்தான், போனில் படத்தைப் பெரிதாக்குவானே, அதுபோல. அப்பா பெரிதாகவில்லை. அவன் மறுபடி மறுபடி தேய்த்தான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான்.

இவர் எதிர்க்கரையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார். வண்டிக்குப் போவார், திரும்பி வருவார், கல்லைத் தூக்கிப் போட்டு ஆழம் பார்ப்பார். நேரம் போகப் போகத் தண்ணீர் இறங்கியது, நடுவில் ஒரு பாறை மண்டையைக் காட்டியது. பொறுத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் நடந்தே வந்திருக்கலாம். பொறுத்திருந்தாரா? பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

"வராதீங்க!" என்று கத்தினேன். "ஏங்க, வராதீங்க! வராத! நில்லு! அறிவு கெட்ட மனுஷா, நில்லு!"

கேட்டால்தானே. ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பாறையை விட்டதும் இடுப்புக்கு வந்தது, அலை நெஞ்சுவரை அடித்தது.

என் தோளில் இருந்த பிரவீன் அலறினான். "ம்மா! அப்பாவுக்குக் காலு இல்ல! காலு இல்லம்மா!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த அலறல் இன்னும் பெரிதாகக் கேட்டது. மறுபடி திறந்தபோது தண்ணீர் அவர் தொடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வெளியே வந்தது. சேறு அப்பிய இரண்டு காலும் வெளியே வந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை, கட்டைவிரலில் ரத்தம். வேரைப் பிடித்து ஏறி எங்கள் எதிரே வந்து நின்றார்.

பிரவீன் என் தோளிலிருந்து நழுவி இறங்கிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டான். முழங்காலில் முகத்தை வைத்து அழுத்தினான். இவர் ஒரு கையால் வெனிலாவின் தலையைத் தடவி, மறு கையால் அவன் தலையைத் தடவி, திரும்பவும் வெனிலாவைத் தடவி, இப்படியே செய்துகொண்டிருந்தார்.

நான்தான் ஆரம்பித்தேன். "உங்களுக்கு இன்னா பைத்தியமா? இடுப்பளவு தண்ணியில வர்றீங்க! பூட்டிருந்தா? புள்ளைங்க கண்ணு எதுருல பூட்டிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"உனுக்கு மட்டும் புத்தி இருந்துச்சா?"

"இல்ல. எனக்கு இல்ல. மொதத் தண்ணின்னு சொல்லிப் புடிச்சு நிறுத்துனேன். ரெண்டையும் நானே நிறுத்துனேன்." அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இருவத்திரெண்டு வாட்டி அடிச்சேன் ராணி" என்றார். "ரிங்கு போய்க்கினே இருந்துது. எடுக்க மாட்டேங்கிற. அப்புறம் சுவிட்ச் ஆஃப்னு வந்துது. அங்கேர்ந்து வண்டிய எப்பிடி ஓட்டினேன்னே எனக்குத் தெரியாது."

அவர் சட்டைப் பையில் ஏதோ கையில் நெருடியது. எடுத்தேன். அந்த ஃபாரம். நாலாக மடித்தது, நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். பேனா மை ஊறிப் பரவியிருந்தது, ஆனால் டிக் எந்தக் கட்டத்தில் என்று நன்றாகவே தெரிந்தது. குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது.

ஒரு மாதம் சண்டை போட்டவள் நான். அப்போது எனக்குச் சண்டை போட வாய் இல்லை. "சரிங்க" என்றேன். "போட்டது போட்டதாவே இருக்கட்டும். நாங்க போயிடறோம். இனிமே நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் ஃபாரத்தை வாங்கிக்கொண்டார். பார்த்தார். பிரவீன் இன்னும் காலை விடவில்லை. "அப்பா, இனிமே போனுக்குள்ள போவாதீங்க" என்றான், முழங்காலைப் பார்த்துக்கொண்டே.

"இல்லடா" என்றார் அவர். ஃபாரத்தைக் கையிலேயே கசக்கினார். ஈரத்தில் அது மாவு மாதிரி உருண்டுவிட்டது. "ஞாயித்துக்கெழம வேற ஃபாரம் வாங்கிக்கிறேன்."

"இவ்ளோ நடந்தப்புறமா?"

"ஊருக்கு அனுப்பிட்டா நீங்க பத்திரமா இருப்பீங்க, இல்லன்னு சொல்லல. நான் தெனமும் அந்தாண்ட கரையில நின்னுக்கினு கைய ஆட்டணும். இன்னிக்கி ரெண்டு மணி நேரம் நின்னேன் ராணி. என்னால ஆவாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்கயே வீட்டாண்டயே வேல கேக்கறேன். குடுக்கலன்னா குடுக்கற வரைக்கும் கேட்டுக்கினே இருப்பேன். ஆனா நீ ஆத்துக்குப் போவக் கூடாது."

"சத்தியமா போவ மாட்டேன்."

"போன சைலண்டுல போடக் கூடாது."

"போனே பூட்டுச்சே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. "வா, ஜல்தி போயிடலாம்" என்று அவர் எழுந்தார்.

"யாரும் எறங்கக் கூடாது" என்றாள் வெனிலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே வந்து நின்றாள். "தண்ணி நின்னப்புறமும் ரொம்ப நேரம் கழிச்சித்தான் எறங்கணும். இன்னொரு வாட்டி வருமாம். மிஸ் சொன்னாங்க. உக்காருங்க ரெண்டு பேரும்."

நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தோம். அவர் காலை நீட்டிக்கொண்டார். பிரவீன் அதன்மேல் ஏறிப் படுத்து, கட்டைவிரல் ரத்தத்தைத் தன் சட்டையால் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான்.